ஸ்க்ரூஜின் மருமகனுக்கு

அன்புள்ள ஃபிரெட்,

உங்கள் கதையைப் படித்தவர்கள் உங்கள் கஞ்ச மாமா ஸ்க்ரூஜைப் பற்றிப் பேசுவார்கள், அவருடைய குமாஸ்தாவின் நோயாளி மகன் குட்டிப் பையன் டிம்மைப் பற்றிப் பேசுவார்கள். உங்களைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. டிசம்பர் வந்தால் சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' புத்தகத்தை எடுத்துவிடுகிற எனக்கோ, வரவர அது உங்கள் கதையாகத்தான் தெரிகிறது. ஆனால் அதில் நடப்பதில் பாதி உங்களுக்கே தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாமாவின் அலுவலகத்துக்குப் போய், மறுநாள் சாப்பிட வரச் சொன்னீர்கள். உங்களிடம் எனக்கு எதுவும் வேண்டாம், நாம் ஏன் நட்பாக இருக்கக் கூடாது என்று கேட்டீர்கள். போய் வா என்றார். மறுபடி கேட்டீர்கள், மறுபடியும் போய் வா. நானாக இருந்தால் அந்தப் படியை அப்புறம் மிதித்திருக்க மாட்டேன். நீங்கள் கோபமே இல்லாமல் அவரை வாழ்த்தினீர்கள். வெளியே வரும்போது, குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்த குமாஸ்தா பாப் கிராட்சிட்டுக்கும் வாழ்த்துச் சொன்னீர்கள். வாரம் 15 ஷில்லிங்கில் ஆறு பிள்ளைகளை வளர்க்கிறவர் அவர். அந்த வாழ்த்தை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன்.

அம்மாவின் அண்ணனை நாங்கள் தாய்மாமன் என்போம். அந்தச் சொல்லிலேயே அம்மா இருக்கிறாள். உங்கள் அம்மா ஃபேன் சிறுமியாக இருந்தபோது, விடுமுறைக்கு எல்லாரும் போய்விட்ட பள்ளிக்கூடத்தில் உங்கள் மாமா தனியாகக் கிடந்தார். ஒரு நாள் அம்மா ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்பா இப்போதெல்லாம் கனிவாகப் பேசுகிறார், அதனால் பயப்படாமல் இன்னொரு தடவை கேட்டேன், அண்ணன் வீட்டுக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டார் என்றாள். 'இன்னொரு தடவை'. இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். மறுத்தவரிடமே திரும்பவும் போய்க் கேட்கிற குணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

உங்களை எழுதியவருக்கும் ஒரு சகோதரி உண்டு. அக்கா, பெயர் ஃபேனி. 1824-இல் அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் இருந்தபோது, 12 வயது சார்லஸ் டிக்கன்ஸ் பூட்ஸ் மை டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார், வாரம் ஆறு ஷில்லிங் கூலிக்கு. ஃபேனி ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் படித்துக்கொண்டிருந்தார். அக்கா பரிசு வாங்கியதைப் பார்த்த அன்று, பொறாமை துளியும் இல்லாமல், தன்னை இந்த நிலையிலிருந்து தூக்கிவிடும்படி வேண்டிக்கொண்டு சிறுவன் அழுதிருக்கிறான். அந்தச் சிறுவன் 1843-இல் எழுதிய கதையில்தான் அண்ணனைக் கூட்டிப்போக ஒரு தங்கை வண்டியோடு வருகிறாள். டிசம்பர் 19-இல் வெளியாகி, கிறிஸ்துமஸுக்குள் 6000 பிரதிகள் விற்றுத் தீர்ந்த புத்தகம். எனக்கு அந்த வண்டிதான் பெரிது.

சரி, உங்கள் விருந்துக்கு வருகிறேன். அன்றிரவு மாமாவிடம் ஆவிகள் வந்தன, நடக்கப்போகும் அந்த விருந்தை ஓர் ஆவி அவருக்கு முன்கூட்டியே காட்டியது. அந்தக் காட்சியில் மாமா வரவில்லை என்று நினைத்தீர்கள். வந்திருந்தார். ஆவியின் பக்கத்தில், யார் கண்ணுக்கும் தெரியாமல் நின்றார். அவருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வருடா வருடம் கூப்பிடத்தான் போகிறேன் என்று நீங்கள் சொன்னதைக் காதால் கேட்டார். உங்கள் மனைவி ஹார்ப்பில் ஒரு சின்ன மெட்டு வாசித்தாரே, அது உங்கள் அம்மாவுக்குப் பழக்கமான மெட்டு. மாமா இளகிப்போய்விட்டார். விருந்தாளிகள் கிளம்பும்வரை இருக்கவிடு என்று ஆவியிடம் சின்னப் பையன் போலக் கெஞ்சினார்.

இன்னொன்று. டிம் இறந்துபோகும் ஓர் எதிர்காலத்தையும் அடுத்து வந்த ஆவி அவருக்குக் காட்டியது. அதில் நீங்கள் பாப்பைத் தெருவில் பார்க்கிறீர்கள். முன்பு ஒரே ஒரு தடவை பார்த்த மனிதர். முகவாட்டத்தைக் கவனித்து, என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். மனதார வருந்துகிறேன், எது வேண்டுமானாலும் என்னிடம் வாருங்கள் என்று முகவரியைக் கொடுக்கிறீர்கள். பாப் வீட்டில் போய்ச் சொல்கிறார்: அவர் ஏதாவது செய்வார் என்பதற்காக இல்லை, அவர் பேசிய விதம், நம் டிம்மை அவருக்கும் தெரியும்போல இருந்தது என்று. மாமா திருந்தியதால் அந்தச் சாவு நிகழவில்லை. டிம் பிழைத்துக்கொண்டான். அதனால் நீங்கள் அந்தச் சொற்களைச் சொல்லவே இல்லை. ஆனாலும் நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்று உங்கள் மாமாவுக்குத் தெரியும்.

கடைசியாக, அந்தக் கதவு. கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் மாமா நிஜமாகவே சாப்பிட வந்து நின்றார். இத்தனை வருடம் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். ஐந்தே நிமிடத்தில் அவர் அந்த வீட்டு மனிதராகிவிட்டார். உங்களுக்குத் தெரியாதது என்னவென்றால், கதவைத் தட்டுவதற்கு முன்னால் அவர் உங்கள் வாசலைப் பன்னிரண்டு தடவை கடந்து நடந்தார். படியேறத் தைரியம் வரவில்லை.

எங்கள் குடும்பத்திலும் ஒரு பெரியவர் இருக்கிறார். மூன்று வருடம் விசேஷங்களுக்குக் கூப்பிட்டோம், வரவில்லை. நான்காவது வருடம் விட்டுவிட்டோம். அவர் எத்தனை தடவை எங்கள் தெருமுனை வரை வந்து திரும்பினார் என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை, ஃபிரெட்.

அன்புடன்,
உங்கள் வாசகி