மழை பிறகு வரட்டும்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள மணியம்,

கடிதமும் கதையும் ஒரே உறையில் வந்து சேர்ந்தன. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் ஈப்போவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், தினம் போய் வருகிறாள். நாம் பிறந்த தோட்டத்தில் மிச்சமிருந்த தொழிலாளர் குடியிருப்பான லயத்தையும் இடித்துவிட்டார்கள். ரப்பர் தரும் பால்மரம் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்தே எவ்வளவோ காலமாயிற்று, இனி அடையாளம் சொல்லக் கோயில் ஒன்றுதான்.

கதைக்கு வருகிறேன். கையில் போன் வைத்துக்கொண்டு படிக்கிற காலம், வாசகனை முதல் வரியிலேயே கன்னத்தில் அறைந்து உட்காரவைக்க வேண்டும் என்கிறாய். எனக்கு அதில் சம்மதமில்லை. அறைந்தால் திரும்பிப் பார்ப்பான்; உட்கார மாட்டான்.

போன மாதம் கோயில் மண்டபத்தில் இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறுகதைப் போட்டி வைத்தார்கள். நடுவர் வேலை என் தலையில் விழுந்தது. பாதிக் கதையில் சூரியன் உதிக்கிறது, மீதியில் பெரும்பாலும் அலாரம் அடிக்கிறது. நீ சொல்கிற மாதிரி முதல் வரியிலேயே ரத்தம் தெறிக்கிற கதைகளும் உண்டு. இரண்டாம் பக்கத்தில் எல்லாம் கனவு என்று முடிந்துவிடும். தேநீர் குடித்துக் குடித்துப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பிள்ளையின் கதை, தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பிரட்டையும் பேர் வாசிக்கிற எழுத்தரான கிராணியையும் வைத்து இப்படி ஆரம்பித்தது:

'பிரட்டில் கிராணி எங்கள் தாத்தாவின் பேரை வாசித்தார். செத்து மூன்று நாள் ஆனவருக்கு யாரோ "இருக்கேன்" என்று குரல் கொடுத்தார்கள்.'

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். யார் அந்த யாரோ? கிராணிக்குத் தெரியாதா, தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாரா? பேர் விழுந்தால் அன்றைய சம்பளம் யார் கைக்குப் போகும்? ஏழைத் தொழிலாளர், துன்பம், கண்ணீர் என்று ஒரு சொல் இல்லை. பிரட்டு, கிராணி என்றதுமே இடமும் காலமும் வந்து நின்றுவிட்டன. 'எங்கள் தாத்தா' என்றதில் சொல்கிறவளும் வந்துவிட்டாள். அந்தப் பிள்ளை பிரட்டுக்களத்தைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டாள், பாட்டி சொல்லக் கேட்டதாக இருக்கும். இதிலும் சாவு இருக்கிறது என்பாய். என்னை இழுத்தது சாவு இல்லை, அந்தக் குரல். அடக்கச் செலவுக்குக் கடன் வாங்கிய சின்னத் தாத்தாதான் குரல் கொடுத்தார் என்பதைக் கடைசிப் பக்கம் வரைக்கும் அவள் வெளியே விடவில்லை. முதல் வரியில் கேட்க வைத்த கேள்விக்குக் கதை முழுக்கப் பதில் தேடுகிறாள். ரத்தக் கதைக்காரர்கள் கேள்வியோடு ஓடிவிடுகிறார்கள்.

சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலை எடுத்துப் பார். 1981-இல் வந்தது, உன்னிடம் இருக்கும். ஜோசஃப் ஜேம்ஸ் 1960 ஜனவரி 5 அன்று தன் 39-ஆவது வயதில், ஆல்பெர் காம்யு விபத்தில் மாண்டதற்கு மறுநாள் இறந்தான் என்று தொடங்கும். பத்திரிகையில் வரும் மரணக் குறிப்பின் தொனிதான். ஆனால் காம்யு 4-ஆம் தேதி கார் விபத்தில் இறந்தது நிஜம். அந்த நிஜத்துக்குப் பக்கத்தில் ஒரு கற்பனை ஆளைப் படுக்கவைத்ததும் நாம் நம்பிவிடுகிறோம். இன்னொன்று கவனித்தாயா? கதை சொல்கிற தமிழன் ஒருவன் காம்யு என்ற பிரெஞ்சு எழுத்தாளனின் சாவை வைத்து நாள் கணக்குப் பார்க்கிறான் என்றால், அவன் எப்படிப்பட்டவன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புதுமைப்பித்தன் இன்னும் கெட்டிக்காரர். 1943-இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற சந்தியில் பிள்ளை தீவிரமாகச் சிந்தித்துக்கொண்டு நிற்கிறார். எங்கே நிற்கிறார்? 'ஆபத்தில்லாத ஓரத்தில்'. சிந்தனையோ டிராம் காசு, காபிக் காசு பற்றி. பிற்பாடு கடவுளிடமே தன் பத்திரிகைக்குச் சந்தா கேட்கப் போகிற ஆசாமியை, அந்த ஓரத்தில் நிறுத்தியதிலேயே நமக்குக் காட்டிவிட்டார்.

காஃப்காவைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பாய், தெரியும். அவருடைய 'உருமாற்றம்' கதையில் ஒருவன் காலையில் எழுந்தால் பூச்சி. அது கன்னத்தில் அறைவது இல்லையா? இல்லை. நடந்ததுதான் பயங்கரம், சொல்கிற குரல் உயரவே இல்லை. அடுத்த சில பக்கங்களில் அந்த மனுஷன் ரயிலைத் தவறவிட்டதற்கல்லவா கவலைப்படுகிறான்!

இப்போது உன் கதை. முதல் இரண்டு பத்தியும் மழை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது, மின்னல் வெட்டுகிறது, தவளை கத்துகிறது. எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், ஆனால் யார் கதைக்கும் ஒட்ட வைக்கலாம். மூன்றாம் பத்தியில், 'அம்மா பத்து வெள்ளி நோட்டை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தாள்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதைத் தூக்கி முன்னால் போடு. நோட்டு ஏன் நனைந்தது, அந்தப் பத்து வெள்ளியை ஏன் அவ்வளவு பத்திரமாகத் தேய்க்கிறாள் என்று படிக்கிறவன் கேட்பான். அப்போது மழை தானாக வரும், அப்பாவும் வருவார். தவளை வேண்டாம்.

நகலில் பென்சிலால் கோடு போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கோபம் வந்தால் எழுதாதே, போன் போட்டுத் திட்டு. தபால் வருவதற்குள் உனக்கு ஆறிப்போகும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். தீபாவளிக்கு ஜொகூரிலிருந்து பஸ் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடு.

அன்புடன்,
சுந்தரம்