யார் யாரை வைத்திருந்தார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் அரச குடும்பத்தைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில் டொரதியா ஜோர்டன் ஒரே வரியில் வந்து போகிறார். நான்காம் வில்லியமின் வைப்பாட்டி, அவ்வளவுதான். படித்ததிலிருந்து அந்தச் சொல் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வைத்துக் காப்பாற்றினால்தானே வைப்பாட்டி?

1791-இல் அவர்கள் சேர்ந்து வாழத் தொடங்கியபோது, லண்டன் ட்ரூரி லேன் அரங்கின் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகை அவர். வில்லியமோ அப்போது அரசர் அல்ல. மூன்றாம் ஜார்ஜின் மூன்றாவது மகன், கிளாரன்ஸ் பிரபு, தலைக்கு மேல் கடன். அரசரின் சம்மதமில்லாமல் அரச குடும்பத்தார் செய்யும் திருமணம் செல்லாது என்று 1772-இல் வந்த சட்டம் சொன்னது. அதனால் தாலி கட்டாத மனைவியாகவே இருபது ஆண்டுகள் குடித்தனம் நடத்தினார். பத்துப் பிள்ளைகள் பெற்றார். ஒவ்வொரு பேற்றுக்கும் நடுவில் ஊர் ஊராகப் போய் நடித்தார். அந்தச் சம்பாத்தியம் பிரபுவின் வீட்டுச் செலவுக்கும் போனது. அவளை இவர் வைத்திருக்கிறாரா, இவரை அவள் வைத்திருக்கிறாளா என்று அன்றைய லண்டனே கேட்டது. கில்ரே என்ற கேலிச்சித்திரக்காரர் இன்னும் கீழே இறங்கினார். ஜோர்டன் என்றால் கட்டிலடியில் வைக்கும் மூத்திரச் சட்டி என்றும் அக்கால ஆங்கிலத்தில் ஒரு பொருள் உண்டு. அந்தப் பெண்ணை விரிசல் விட்ட சட்டியாகவே வரைந்துவிட்டார். இன்று பார்த்தாலும் வயிறு எரிகிறது.

1811-இல் கடன் கழுத்தை நெரிக்க, பணக்காரப் பெண்ணை மணக்க முடிவு செய்தார் பிரபு. செல்டன்ஹாமில் நடிக்கப் போயிருந்த டொரதியாவுக்கு, சந்திக்க வரச் சொல்லி அவரிடமிருந்து கடிதம் வந்தது. என்ன செய்தி என்பது புரிந்துவிட்டது. ஆனாலும் அன்று மாலை மேடை ஏறினார். சிரிக்க வேண்டிய இடத்தில் அழுகை பீறிட்டது. உடன் நடித்தவர் அந்த அழுகைக்கேற்ப வசனத்தை மாற்றிச் சமாளித்ததாக அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆட்டம் நிற்கவில்லை. பிரிந்த பிறகும் பிரபுவை அவர் பழிக்கவில்லை. பணம் படுத்தும் பாடு என்றுதான் கடிதத்தில் எழுதினார்.

ஆண்டுக்கு 4,400 பவுண்டு தருவதாக ஏற்பாடு. ஆனால் மீண்டும் நடித்தால், இளைய மகள்களும் அவர்களுக்கான 1,500 பவுண்டும் பிரபுவிடம் போய்விடும் என்று அதில் ஒரு நிபந்தனை. எந்தத் தொழில் அந்த வீட்டுக்குச் சோறு போட்டதோ, அதைச் செய்தால் பிள்ளைகள் இல்லை! இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? வேறு வழியில்லாமல் அவர் மேடைக்குத் திரும்பினார். பிள்ளைகளை இழந்தார். மருமகன் ஒருவர் இழுத்துவிட்ட கடனுக்குப் பயந்து பிரான்சுக்குப் போய், 1816-இல் பாரிஸுக்கு அருகே செயின்ட் கிளூவில் இறந்தார். வயது 54.

1830-இல் வில்லியம் அரசரானார். முறைப்படி மணந்த அடிலெய்டிடம் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. டொரதியாவின் பிள்ளைகளுக்கோ பட்டத்தில் உரிமையில்லை. அதனால்தான் முடி தம்பி மகள் விக்டோரியாவுக்குப் போனது.

அரசரானதும் சான்ட்ரி என்ற சிற்பியிடம் டொரதியாவுக்குச் சிலை செய்யச் சொன்னார் வில்லியம். பளிங்கில் ஒரு தாய், இரண்டு குழந்தைகள், காலடியில் நாடக முகமூடி. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபே தேவாலயத்தில் வைக்க அனுமதி கிடைக்கவில்லை. இன்று அது பக்கிங்ஹாம் அரண்மனையில் இருக்கிறது. அந்த முகமூடியை வைக்க வேண்டும் என்று சிற்பிக்குத் தோன்றியிருக்கிறது. தாங்களும் அடுத்த முறை அவரைப் பற்றி எழுதும்போது, பெயருக்கு முன்னால் 'நடிகை' என்று போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.