ஐந்து எழுத்து, இருபது ஒலி

ஆசிரியருக்கு வணக்கம். ஆங்கிலத்தில் உயிரெழுத்து ஐந்துதான் என்று சொல்லிக்கொடுத்து நிறுத்திவிடுகிறோம், ஆனால் பிரிட்டிஷ் உச்சரிப்பில் உயிரொலிகள் மட்டும் சுமார் 20 இருக்கின்றன என்பதை யாரும் மாணவர்களிடம் சொல்வதில்லை. எனக்கே இது மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது.

ஷிப், ஷீப் இரண்டையும் குறில் நெடில் என்று நாம் எளிதாகப் பிரித்துவிடுகிறோம். அது பாதிதான் சரி. ஷிப் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் இறங்கித் தளர்வாக இருக்க வேண்டும், ஷீப்புக்கு நாக்கு உயர்ந்து உதடு விரியும், நீளத்தை மட்டும் மாற்றினால் போதாது. 'மேன்' (man) என்று நாம் எழுதும் சொல்லின் உயிரொலிக்குத் தமிழில் எழுத்தே கிடையாது. 'எ' சொல்லிக்கொண்டே தாடையை நன்றாகக் கீழே இறக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும்.

அப்புறம், ஆங்கிலத்தில் அதிகமாக வரும் உயிரொலி அழுத்தமில்லாத அந்த மங்கலான ஒலிதான். பனானாவில் முதல் அசையும் கடைசி அசையும் அதுவே, நடுவில் உள்ளதுதான் முழு 'ஆ'. நாமோ மூன்றையும் அழுத்திச் சொல்கிறோம். உயிரொலி தேய்வது நமக்குப் புதிதா என்ன, 'பாக்கு', 'காசு' என்னும்போது கடைசி உகரம் குறைந்துதானே ஒலிக்கிறது, குற்றியலுகரம் என்று பெயரே வைத்திருக்கிறோமே! அங்கிருந்து தொடங்கினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு ஒலியை வாய், நாக்குப் படத்தோடு வெளியிடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்