பையனைத் திட்டுறதுக்கு முன்னாடி அவன் கண்ணை ஒரு தடவை செக் பண்ணுங்க கோச்

தமிழ்நாட்டுல சின்னப் பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக் குடுக்கிற கோச்சுகளுக்கும், அகாடமி நடத்துற அண்ணன்களுக்கும், ஸ்கூல் பி.டி. சார்களுக்கும், டோர்னமென்ட் நடத்துறவங்களுக்கும் வணக்கம்.

நான் வடசென்னையில ஒரு கிரவுண்டுல காலையில 6 மணியிலேர்ந்து 8 மணி வரைக்கும் 12, 13 வயசுப் பசங்களுக்கு சொல்லிக் குடுக்கிறவன். இந்த மடலை எழுத வச்சது எங்க பசங்கள்ல ஒருத்தன். செம ஓட்டம் ஓடுவான், டிரிப்ளிங் அருமையா வரும், ஆனா தூரத்துலேர்ந்து பறந்து வர்ற லாங் பால் வந்தா மட்டும் காலுக்கு வந்தது ரெண்டடி தள்ளிப் போயிடும், ஹெட்டருக்கு பந்து தாண்டினதுக்கு அப்புறம்தான் குதிப்பான். எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி வேற இடத்துல ரெண்டு வருஷம் இருந்திருக்கான், அங்க "உனக்கு டைமிங்கே கிடையாதுடா"ன்னு சொல்லிச் சொல்லியே பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்க. நானும் முதல் மூணு மாசம் அதே தப்பைத்தான் பண்ணேன், கோன் சுத்தி ஓடவிட்டேன், இன்னும் நூறு தடவை ட்ராப் பண்ணு, அதாவது வர்ற பந்தைக் காலால நிறுத்துன்னேன். ஒரு நாள் அவங்க அம்மா "டிவியை கிட்டப் போய்தான் பாக்குறான் சார்"னு பேச்சுவாக்குல சொன்னாங்க, அப்பதான் எனக்கு உறைச்சுது. கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா ஒரு கண்ணுல மைனஸ் ஒண்ணரை, இன்னொரு கண்ணுல மைனஸ் மூணு. ரெண்டு கண்ணும் வேற வேற மாதிரி பாத்துட்டு இருந்தா பறந்து வர்ற பந்து எவ்ளோ தூரத்துல இருக்குன்னு அந்தப் புள்ளை எப்படிங்க கணக்குப் போடும்? அவன் காலுல ஒரு குறையும் இல்ல. ரெண்டு வருஷமா திட்டு வாங்கிருக்கான் கோச், அதுதான் இன்னும் மனசை அறுக்குது.

ஸ்கூல்ல கண் டெஸ்ட் பண்ணிட்டாங்களேன்னு சொல்லுவீங்க. அது ரொம்ப நல்ல விஷயம், அதை விட்டுடாதீங்க. ஆனா அந்த சார்ட்ல 6 மீட்டர் தூரத்துல அசையாம இருக்கிற எழுத்தை அசையாம நின்னு படிக்கிறான். கிரவுண்டுல பந்தும் ஓடுது, இவனும் ஓடுறான், பக்கவாட்டுல இன்னொருத்தன் பாய்ஞ்சு வர்றான். நம்ம கண்ணு கூர்மையா பாக்கிறது நடுவுல ரொம்பச் சின்ன இடம்தான், ரெண்டு டிகிரி அளவு, கையை நீட்டி கட்டைவிரலைத் தூக்கினா நகம் எவ்ளோ அகலமோ ஏறக்குறைய அவ்ளோ. மிச்சமெல்லாம் ஓரப்பார்வை, அதுல விவரம் தெரியாது, ஆனா யாராவது அசைஞ்சா சட்டுனு பிடிச்சுரும்.

ஒண்ணு இப்பவே பண்ணிப் பாருங்க. உள்ளங்கையை மூஞ்சிக்கு நேரா வச்சு தலையை அசைக்காம கையை மட்டும் வேகமா ஆட்டுங்க, ரேகை எல்லாம் கலங்கிப் போகும். இப்ப கையை அசைக்காம தலையை அதே வேகத்துல ஆட்டுங்க, ரேகை தெளிவா நிக்கும். காதுக்குள்ள இருக்கிற பேலன்ஸ் உறுப்பு தலை எந்தப் பக்கம் திரும்புதோ அதுக்கு எதிர்ப்பக்கம் கண்ணைத் திருப்பிவிடுது, அதனாலதான் ஓடிட்டே பந்தைப் பாக்க முடியுது. கண்ணு, காது, கால் மூணும் சேர்ந்து பண்ற வேலைக்குத்தான் நாம கோஆர்டினேஷன்னு பேரு வச்சிருக்கோம், ஆனா ட்ரெயினிங்ல காலுக்கு மட்டும்தான் வேலை குடுக்கிறோம்.

நார்வேல கெய்ர் யோர்டெட்னு ஒரு ஆராய்ச்சியாளர், இங்கிலாந்தோட பெரிய லீக்கான பிரீமியர் லீக்ல ஆடுற பிளேயர்ஸ் 118 பேரோட வீடியோவை க்ளோஸ்-அப்ல வச்சு, பந்து வர்றதுக்கு முன்னாடி எத்தனை தடவை தலையைத் திருப்பி சுத்திப் பாக்குறாங்கன்னு எண்ணிப் பாத்தார். அதிகமா பாத்தவங்களுக்கு பாஸ் அதிகமா சரியாப் போயிருக்கு. இங்கிலாந்து மிட்ஃபீல்டர் ஃப்ராங்க் லாம்பார்ட் அதுல முன்னாடி நின்னவர். பார்சிலோனாவுக்கும் ஸ்பெயினுக்கும் ஆடின ஷாவியோட பழைய மேட்சை எடுத்து பந்தை விட்டுட்டு அவர் கழுத்தை மட்டும் பாருங்க, நிக்கவே நிக்காது. நாம என்ன பண்றோம், "பந்தைப் பாரு, பந்தைப் பாரு"ன்னு கத்துறோம், பையனும் பந்தையே பாத்துட்டு இருக்கான், பின்னாடி வந்தவன் பிடுங்கிட்டுப் போறான், அப்புறம் "தலையைத் தூக்குடா"ன்னு அதுக்கும் நாமளே கத்துறோம்.

கீப்பருக்கு இன்னும் கஷ்டம். பெனால்டி 11 மீட்டர், பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல வந்தா 0.4 செகண்ட்தான், பந்து கிளம்பினதுக்கு அப்புறம் யோசிச்சா முடிஞ்சுது. 2002ல நெதர்லாந்துல கீப்பர்களோட கண் எங்க போகுதுன்னு கருவி மாட்டிப் பாத்தாங்க, புதுசா ஆடுறவங்க உடம்பு, கை, இடுப்புன்னு அலைபாயுறாங்க, கைதேர்ந்தவங்க அடிக்கிற கால், ஊனின கால், பந்து இருக்கிற இடம்னு கொஞ்ச இடத்துல நிதானமா நிறுத்திப் பாக்குறாங்க. இதை எந்த கீப்பர் பையனுக்கும் சொல்லிக் குடுக்கலாம், காசு செலவே இல்ல.

காசுன்னதும் ஒண்ணு. லைட் எரியிற போர்டு, கண்ணு சிமிட்டுற மாதிரி மறைச்சு மறைச்சுக் காட்டுற கண்ணாடி எல்லாம் வாங்கச் சொல்லி யாராவது வந்தா அவசரப்படாதீங்க. ஆஸ்திரேலியாவுல அபர்னெதி, வுட்னு ரெண்டு பேர் 2001லயே பொதுவான கண் பயிற்சிகளை சோதிச்சுப் பாத்தாங்க, அதனால விளையாட்டுல எந்த முன்னேற்றமும் வரலை. லைட்டைத் தொடுற வேகம் லைட்டைத் தொடத்தான் உதவும். பந்தும் எதிராளியும் இருக்கிற இடத்துலதான் கண்ணைப் பழக்கணும்.

நாங்க பண்றதைச் சொல்றேன். பாஸ் வாங்குறவன் பின்னாடி ஒருத்தன் விரலைக் காட்டுவான், பந்து காலுக்கு வர்றதுக்குள்ள திரும்பிப் பாத்து எத்தனைன்னு கத்தணும், ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை மாறும். பந்துல மார்க்கர்ல பெருசா நம்பர் எழுதி வச்சு, பறந்து வரும்போது படிச்சுட்டே ட்ராப் பண்ணணும். ரொண்டோல, அதாவது சுத்தி நின்னு பாஸ் போட நடுவுல இருக்கிறவன் பிடுங்கப் பாக்குற ஆட்டத்துல, சட்டைக்கு மேல போடுற பிப் மூணு கலர், எந்தக் கலருக்குப் போடணும்னு பந்து கிளம்பினதுக்கு அப்புறம்தான் நான் சொல்வேன். முதல் வாரம் எல்லாம் சொதப்பும், பசங்க கடுப்பாவாங்க, விட்டுடாதீங்க.

அந்தப் பையன் இப்ப சுலபமா உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக் லென்ஸ் போட்ட ஸ்போர்ட்ஸ் கண்ணாடி போட்டு ஆடுறான், பின்னாடி எலாஸ்டிக் பட்டை இருக்கும். போன டோர்னமென்ட்ல ரெஃப்ரி அதைக் கழட்டினாதான் ஆடலாம்னுட்டாரு. அண்ணன்களா, ஃபுட்பாலோட சர்வதேச ஆட்ட விதி 4லயே ஸ்போர்ட்ஸ் கண்ணாடி போடலாம்னு இருக்கு. நெதர்லாந்து பிளேயர் எட்கர் டேவிட்ஸ் கண்ணுல க்ளௌக்கோமாங்கிற கண் நரம்பு நோய் வந்து 1999லேர்ந்து கண்ணாடி போட்டுட்டேதானே இத்தாலி கிளப் யுவென்டஸுக்கும் நெதர்லாந்துக்கும் ஆடினாரு. உங்க ரெஃப்ரிங்ககிட்ட இதை மட்டும் தயவுசெஞ்சு சொல்லி அனுப்புங்க.

டோர்னமென்ட் ஃபார்ம்ல வயசு சர்டிஃபிகேட் கேக்குறீங்க, கூடவே இந்த வருஷம் கண் டெஸ்ட் பண்ணியாச்சான்னு ஒரு வரி சேருங்க. அகாடமில சேக்கும்போதே ரெண்டு கண்ணையும் தனித்தனியா மூடிப் பாக்கச் சொல்லுங்க. கோடை கேம்ப் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க கிரவுண்டுக்குக் கூப்பிட்டீங்கன்னா, காலையில அஞ்சரைக்கு சார்ட்டும் மார்க்கர் எழுதின பந்தும் எடுத்துட்டு நானே வந்து நிக்கிறேன்.