முகவாய் அறுவை சிகிச்சைக்கு முன் எனக்குச் சொல்லாமல் விட்டவை குறித்துப் புகார்

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
அழகியல் சிகிச்சை மையம், சென்னை.

ஐயா / அம்மா,

ஐந்து மாதங்களுக்கு முன் உங்கள் மையத்தில் என் முகவாயை முன்னால் எடுப்பாகக் காட்டுவதற்காக உள்ளே சிலிகான் இம்ப்ளான்ட் (செயற்கைப் பொருத்து) வைத்தீர்கள். ரூ.1,15,000 கட்டணம், 18% ஜிஎஸ்டி ரூ.20,700, ஆக மொத்தம் ரூ.1,35,700 கட்டினேன். இன்றுவரை என் கீழுதட்டின் இடது பக்கம் மரத்தே கிடக்கிறது. காபி உதட்டோரம் வழிந்தால் எனக்குத் தெரிவதில்லை, என் மகள்தான் துடைத்துவிடுகிறாள். இம்ப்ளான்ட்டும் இடப்பக்கம் சாய்ந்திருப்பது கண்ணாடியில் பார்த்தாலே தெரிகிறது.

அறுவை சிகிச்சை என்றால் பக்கவிளைவு வரலாம் என்பது எனக்கும் புரியும். அதற்காக மட்டும் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. முடிவெடுக்கத் தேவையான எதையும் எனக்குச் சொல்லவில்லை என்பதுதான் என் புகார்.

முதல் நாள் என்னிடம் பேசியவர் டாக்டர் இல்லை, கவுன்சிலர். பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்தார். "உங்களுக்கு இம்ப்ளான்ட்தான் சரி, இந்த வாரத்தோடு ஆஃபர் முடிகிறது" என்றார். அவ்வளவுதான். என் மேல் பற்களும் கீழ் பற்களும் எப்படிப் பொருந்துகின்றன என்று யாரும் பார்க்கவில்லை. மேல் பற்களுக்கும் கீழ் பற்களுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு எனக்கு இடைவெளி உண்டு. வாயைத் திறக்கச் சொல்லியிருந்தாலே தெரிந்திருக்கும். தாடையின் பக்கவாட்டு எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை.

பிறகு வேறு ஒரு முகத்தாடை அறுவை நிபுணரிடம் போனபோதுதான் விவரம் புரிந்தது. எனக்கு முகவாய் மட்டும் சிறியதல்ல, கீழ்த்தாடையே பின்தங்கியிருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் பல் சீரமைப்பையும் தாடையையே முன்னால் நகர்த்தும் அறுவையையும் பற்றிப் பேச வேண்டுமாம். அது வேண்டாம் என்றால் முகவாய் எலும்பை வெட்டி முன்னால் தள்ளி டைட்டேனியம் தகடும் திருகும் வைத்துப் பொருத்தும் ஜீனியோபிளாஸ்டி இருக்கிறது. அதிலும் நரம்புக்கு ஆபத்து உண்டு என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் அங்கே நகர்வது நம் சொந்த எலும்பு. சிலிகான் இடம் பெயரலாம், கிருமித்தொற்று வந்தால் வெளியே எடுக்க வேண்டிவரலாம், வருடக்கணக்கில் அடியிலுள்ள எலும்பு தேயவும் கூடும். இவற்றில் ஒரு வார்த்தையாவது உங்கள் மையத்தில் எனக்கு யாராவது சொன்னார்களா?

அறுவை இல்லாமல் ஊசி மூலமே முகவாயை எடுப்பாக்கும் ஃபில்லர் பற்றியும் அப்படித்தான், யாரும் சொல்லவில்லை. ஹயலூரானிக் அமில ஊசி ஏறக்குறைய ஒரு வருடம்தான் நிற்கும், அதிலும் ஊசி மருந்து ரத்தக்குழாயை அடைத்துவிடும் ஆபத்து அரிதாக உண்டு. ஆனாலும் பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம். முகவாய் முன்னால் வந்தால் என் முகம் எப்படி இருக்கும் என்று முதலில் அதில் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னை மாதிரி தயங்கித் தயங்கி வந்த ஒருத்திக்கு அந்த ஒரு வருடம் எவ்வளவு பெரிய விஷயம்!

ஒப்புதல் படிவத்தை அறுவை நாள் காலையில், வெறும் வயிற்றோடு, அறுவை அரங்குக்குப் போகும் உடையில் இருந்தபோது நீட்டினீர்கள். கீழுதட்டு உணர்வைக் கொண்டுவரும் நரம்பு முன்கடைவாய்ப் பற்களுக்கு அடியில்தான் எலும்பிலிருந்து வெளியே வருகிறது, வாய்க்குள் வெட்டி இம்ப்ளான்ட் வைக்கும்போது அது நசுங்கலாம் என்று அன்றும் யாரும் சொல்லவில்லை. தாடைக்கு அடியில் வெட்டி வைக்கும் முறையும் இருக்கிறதாம், தழும்பு விழும் என்பதுதான் அதில் குறை. எது வேண்டும் என்று நான் அல்லவா தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்?

அதன் பிறகு ஆறு முறை போன் செய்தேன். "நார்மல்தான் மேடம், சரியாகிவிடும்" என்ற ஒரே பதில். மரப்பு பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஒருமுறைகூட டாக்டர் என் உதட்டைத் தொட்டுப் பார்க்காமல் எனக்கும் அப்படித்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

நான் கேட்பவை இவை. அறுவைக் குறிப்பு, ஒப்புதல் படிவம், இம்ப்ளான்ட்டின் கம்பெனி, அளவு, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) உள்ள ஸ்டிக்கர் உட்பட என் மருத்துவ ஆவணங்கள் அனைத்தின் நகலும் வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. இம்ப்ளான்ட்டை நான் தேர்ந்தெடுக்கும் நிபுணரிடம் எடுத்துக்கொள்கிறேன். அந்தச் செலவையும் நான் கட்டிய முழுத் தொகையையும் நீங்கள் ஏற்க வேண்டும். இனி வருபவர்களிடம் அறுவைக்குச் சில நாள் முன்பே, கவுன்சிலர் அல்ல, அறுவை செய்யும் டாக்டரே உட்கார்ந்து எல்லா வழிகளையும் பேச வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். புது நிபுணரின் அறிக்கையையும் எக்ஸ்ரே நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மையத்தில் சிகிச்சை பெற்றவர்
(பெயரும் பதிவு எண்ணும் இணைப்பில்)