"ஊசியா, குளிசையா?" என்று ஏன் கேட்கிறோம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

கொஞ்ச நாளாக எங்கள் கடையில் ஒரு புதுப் பழக்கம். சீனி வருத்தத்துக்கு என்று யார் எதைக் கேட்டாலும், தராசில் வைக்கும் முன் "ஊசியா, குளிசையா?" என்று கேட்கிறோம். "ஊசிதான், சின்ன வயசிலயிருந்தே" என்று பதில் வந்தால், யாருக்கு, எத்தனை வயது, எந்தக் கிளினிக் என்று இன்னும் இரண்டு மூன்று கேள்வி. சிலருக்கு இது பிடிக்கவில்லை. போன கிழமை ஒரு ஐயா "சாமான் வாங்க வந்தால் விசாரணையா?" என்று கோபித்து, நிறுத்து வைத்த கறுவாவை அப்படியே விட்டுவிட்டுப் போனார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

பிழை எங்களுடையது. அப்பா காலத்திலிருந்து நாங்களே இடித்து விற்றுவந்த பொடி ஒன்று உண்டு. சிறுகுறிஞ்சா, நாவல் விதை, ஆவரசம்பூ, வெந்தயம், கடலழிஞ்சில் எல்லாம் சேர்ந்தது. பேணியில் "சகல நீரிழிவுக்கும்" என்று அச்சடித்திருந்தோம். அந்த எழுத்தை நான் இருபது வருடம் பார்த்துக்கொண்டிருந்தும் ஒரு நாளும் வாசிக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி வந்து அதில் இரண்டு பேணி வாங்கிப் போனார். யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 11 வயது மகனுக்கு. ஊசி போடும்போது பிள்ளை அழுகிறான், பொடி இருக்கிறதே, சில நாள் நிறுத்திப் பார்ப்போம் என்று நினைத்திருக்கிறார். முதல் நாள் தண்ணீர் விடாய். அடுத்த நாள் சத்தியும் வயிற்று நோவும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று இஞ்சித் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் பிள்ளை பெருமூச்சாக வாங்கத் தொடங்கினான், மூச்சில் கனிந்து அழுகின பழத்தின் மணம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், பிள்ளை தப்பினான். ஒரு மாதம் கழித்து அந்தத் தங்கச்சி மிச்சப் பேணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஏசவில்லை. "இதில சகல எண்டு போட்டிருக்கே அண்ணா" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே அந்தப் பொடியை எடுத்துவிட்டோம். பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் வாசித்தேன், தெரிந்த வைத்தியர்களிடம் கேட்டேன். விளங்கியதை உங்களுக்குச் சொல்கிறேன்.

நீரிழிவு என்ற ஒரே பெயரில் இருப்பவை முக்கியமாக இரண்டு வெவ்வேறு வருத்தங்கள். எங்கள் ஊரில் பெரும்பாலானோருக்கு இருப்பது இரண்டாம் வகை. இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் அவர்களுடைய கணையத்தில் ஊறுகிறது. போதாமல் ஊறுகிறது, அல்லது ஊறினாலும் உடம்பு அதற்கு மசிவதில்லை. முதலாம் வகையில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய், இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. பிள்ளை சீனி சாப்பிட்டதாலோ தாய் எதையோ தவறவிட்டதாலோ வருவதல்ல இது. இரண்டாம் வகை, தண்ணீர் கீழே போன கிணறு. முதலாம் வகை, ஊற்றே தூர்ந்த கிணறு. தண்ணீர் கீழே போனதில் கயிற்றை நீட்டிப் பார்க்கலாம். ஊற்றுத் தூர்ந்ததில் எந்தக் கயிற்றைப் போட்டாலும் வாளி வெறுமையாகத்தான் வரும். வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினால்தான் உண்டு. அந்தத் தண்ணீர்தான் இன்சுலின் ஊசி.

இது வெள்ளைக்கார வைத்தியத்தின் கதை என்று நினைக்கவேண்டாம். ஆயுர்வேதத்தின் பழைய வகுப்பே, பிறவியோடு ஒட்டி வந்து ஆளை மெலியவைக்கும் மேகம் (நீரிழிவு) என்றும், உணவாலும் உடல் அசைவின்மையாலும் பருத்தவர்களுக்கு வரும் மேகம் என்றும் இரண்டாகத்தான் பிரித்திருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு "சகல" என்று அச்சடித்தது எங்கள் அறியாமை.

1921 இல் கனடாவின் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும்வரை முதலாம் வகை வந்த பிள்ளைகளுக்கு வைத்தியமே பட்டினிதான். சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்துச் சில மாதம் உயிரை நீட்டுவார்கள். 1922 ஜனவரியில் முதல் ஊசி போட்டது 14 வயதுப் பையன் ஒருவனுக்கு. அதற்கு முன்னும் உலகில் வெந்தயம் இருந்தது, பாவற்காய் இருந்தது, சிறுகுறிஞ்சா இருந்தது. அந்தப் பிள்ளைகளை அவை காப்பாற்றவில்லை.

"இல்லை, எங்கட சொந்தத்தில ஒரு பிள்ளைக்கு மூலிகையால ஊசியே நின்றது" என்று சொல்பவர்களை நானும் கண்டிருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. முதலாம் வகை கண்டுபிடிக்கப்பட்டு ஊசி தொடங்கிய சில கிழமைகளில், மிச்சமிருக்கும் கொஞ்சக் கலங்களுக்கு ஓய்வு கிடைத்து, அவை மறுபடி சுரக்கத் தொடங்கும். ஊசியின் அளவு நன்றாகக் குறையும். சிலருக்குக் கிட்டத்தட்டத் தேவையே இல்லாத மாதிரி இருக்கும். வைத்தியர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்கிறார்கள். சில மாதம் நீடிக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். பிறகு முடிந்துவிடும். குடும்பங்கள் ஊரெல்லாம் மருந்து தேடி அலைவதும் சரியாக இந்தக் காலத்தில்தான். அப்போது எதைக் கொடுத்தாலும் "இதால்தான் குறைந்தது" என்று தோன்றும். எங்கள் பொடிக்குக் கிடைத்த நல்ல பெயரில் எவ்வளவு இந்தத் தேனிலவிடமிருந்து கடன் வாங்கியது என்று இப்போது யோசிக்கிறேன்.

சரி, எங்கள் இறாக்கையில் உள்ளவற்றுக்கு வருவோம்.

சிறுகுறிஞ்சாதான் அதிகம் கேட்கப்படுவது. சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் அதற்குச் சும்மா வரவில்லை. இலையை மென்றுவிட்டுச் சீனியை நாக்கில் வைத்துப் பாருங்கள், மணலைத் தின்பது போல இருக்கும். ஆனால் அது கொல்வது நாக்கில் உள்ள இனிப்பை. இரத்தத்துக்குள் சீனி போகத்தான் செய்யும். 1990 இல் வெளியான சென்னை ஆய்வொன்றைச் சிலர் போனில் காட்டுகிறார்கள். முதலாம் வகையுள்ள 27 பேருக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் சாறு கொடுத்ததில் இன்சுலின் தேவை குறைந்தது என்பது அதன் செய்தி. அந்த 27 பேரும் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ற வரியை யாரும் காட்டுவதில்லை. சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வும் அல்ல அது. அதோடு, இந்த இலையால் உண்மையிலேயே சீனி குறைகிறது என்று வைத்தாலும், ஊசியின் அளவை மாற்றாமல் இதையும் சேர்த்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கும் ஆபத்து இருக்கிறது. இரவில், பிள்ளை நித்திரையில் இருக்கும்போது இறங்கினால் யார் பார்ப்பது?

கடலழிஞ்சில், சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு. அந்த மரத்தில் கடைந்த கோப்பைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இது மாச்சத்தும் சீனியும் குடலில் உடைவதைத் தாமதப்படுத்துகிறது. அகார்போஸ் என்ற குளிசையும் இப்படித்தான் வேலை செய்கிறது. இங்கே ஒரு சிக்கல். சீனி இறங்கி, கை நடுங்கி வியர்த்து நிற்கும் பிள்ளைக்கு அவசரத்தில் சீனித் தண்ணீர் கொடுப்போம். அகார்போஸ் எடுப்பவர்களுக்கு அந்தச் சீனி உடைந்து இரத்தத்தில் சேர நேரமாகும் என்பதால் குளுக்கோஸ் மாவே கொடுக்கச் சொல்கிறார்கள். கடலழிஞ்சில் குடிப்பவர்களும் அதையே பின்பற்றுவது நல்லது. ஊசி போடுபவர் உள்ள வீட்டில் குளுக்கோஸ் பக்கெட் ஒன்று எப்போதும் இருக்கட்டும். இரத்தச் சீனி பார்க்கும் மீற்றரில் 70க்குக் (mg/dL) கீழே காட்டினால் பெரியவர்களுக்கு 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். சிறு பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் சொன்ன அளவு. ஆள் மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றவேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை.

கறுவாவைப் பற்றி ஐயா கோபித்துப் போனதால் தனியாகச் சொல்கிறேன். முதலாம் வகையுள்ள பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 1 கிராம் கறுவா, 90 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007 இல் வெளிவந்தது. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி அளவில் ஒரு முன்னேற்றமும் இல்லை. கறிக்குப் போடுங்கள், தேத்தண்ணீரில் போடுங்கள், தாராளமாக. மருந்தாக நினைத்துக் கரண்டி கரண்டியாக விழுங்குவதென்றால் எந்தக் கறுவா என்று பாருங்கள். எங்கள் நாட்டுக் கறுவா மெல்லிய சுருள்கள் பல ஒன்றுக்குள் ஒன்று அடங்கியது, கையால் நொறுக்கலாம். தடித்த ஒற்றைச் சுருளாக, மரக்கட்டை போல இருப்பது காசியா. அதில் ஈரலைத் தாக்கும் கூமரின் அதிகம். மலிவு பார்த்து அதை வாங்காதீர்கள், எங்களிடம் வாங்காவிட்டாலும் பரவாயில்லை.

வெந்தயமும் பாவற்காயும் சாப்பாடாக இருக்கும்வரை எங்களுக்குக் கவலையில்லை. பாவற்காய்ச் சாற்றைக் கோப்பைக் கணக்கில் சிறு பிள்ளைகளுக்குப் பருக்குவது வேறு கதை. சீனி கடுமையாக இறங்கிய பிள்ளைகள் உண்டு. காமரங்காய், பிலிம்பிக்காய்ச் சாறு சீனிக்கு நல்லதென்று ஒரு பேச்சு ஓடுகிறது. தயவுசெய்து வேண்டாம். அவற்றின் ஒக்சலேட் சிறுநீரகத்தை அடிக்கும், இலங்கையிலேயே அப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நீரிழிவு உள்ளவர் முதலில் காப்பாற்றவேண்டியதே சிறுநீரகத்தைத்தான்.

இலைக்கஞ்சி குடிக்கிறோம், சீனி ஏறுகிறதே என்று கேட்பவர்களுக்கு: கஞ்சியில் இருப்பது அரிசி. கூடக் கடிக்கும் பனங்கட்டியும் சீனிதான். பனையில் இருந்து வந்தாலும் கித்துளில் இருந்து வந்தாலும் இரத்தத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. குரக்கனும் மாச்சத்தே. சாப்பிடலாம், ஊசிக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

விட்டமின் போத்தல்களிலும் கவனிக்க இரண்டு மூன்று விடயம் உண்டு. விட்டமின் சி அதிக அளவில் எடுத்தால் சில மீற்றர்களும், கையில் ஒட்டும் சென்சர்களும் பிழையான இலக்கம் காட்டும். பிழையான இலக்கத்தைப் பார்த்துச் சரியான கணக்கில் ஊசி போட்டு என்ன பயன்? முடி கொட்டுவதற்கென்று விற்கும் பயோட்டின் தைரொயிட் இரத்தப் பரிசோதனையைக் குழப்பும். முதலாம் வகை உள்ளவர்களுக்குத் தைரொயிட் கோளாறும் சேர்ந்து வருவதுண்டு என்பதால் அந்தப் பரிசோதனை அவர்களுக்கு அடிக்கடி நடக்கும். நிக்கோட்டினமைட் என்ற பி3 முதலாம் வகை நீரிழிவு வராமல் தடுக்கும் என்று நம்பி, நோயாளிகளின் நெருங்கிய உறவினருக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஐரோப்பிய ஆய்வு 2004 இல் முடிவு சொன்னது: தடுக்கவில்லை. விட்டமின் டி, பி12 குறைவாக இருப்பதாக இரத்தப் பரிசோதனை காட்டினால் எடுக்கவேண்டியதுதான். அது அந்தக் குறைபாட்டுக்கான மருந்து, ஊசிக்கு மாற்றல்ல.

பெயர் விபரம் இல்லாத "மூலிகைக் குளிசை" போனில் ஓடர் பண்ணி எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூலிகை என்று விற்கப்பட்டவற்றுக்குள் மெட்ஃபோமின், கிளிபென்கிளமைட் என்ற ஆங்கிலச் சீனி மருந்துகள் கலந்திருந்தது வெளிநாடுகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. சில கலவைகளில் ஈயமும் பாதரசமும். இரண்டு நாளில் சீனி மளமளவென்று இறங்கினால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்.

எங்கள் வியாபாரத்தில் சேராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த ஊர் வெயில் இன்சுலினைக் கெடுக்கும். திறக்காத போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும், உறையவிடக் கூடாது. பாவிக்கும் போத்தல் வெயில் படாமல் 30 பாகைக்குக் கீழே இருந்தால் சுமார் 4 கிழமை தாங்கும். பெட்டி இல்லாத வீட்டில், பெரிய மண்சட்டிக்குள் ஈர மணல் போட்டு, அதற்குள் சிறிய சட்டி வைத்து, போத்தலைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே வையுங்கள். மணல் காயாமல் தண்ணீர் தெளித்தால் போதும். அரசாங்கக் கிளினிக்கில் இன்சுலின் இலவசமாகவே கிடைக்கிறது. அதை வெயிலில் கெடவிட்டு எங்களிடம் பொடிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இனி எங்கள் கடையில் நடக்கப்போவது இதுதான். முதலாம் வகை உள்ளவர்களுக்குச் செறிவூட்டிய சாறு, குளிசை, சூரணம் எதையும் கிளினிக் வைத்தியருக்குத் தெரியாமல் கொடுக்கமாட்டோம். வாங்குகிற சாமானின் தமிழ்ப் பெயரையும் தாவரவியல் பெயரையும் துண்டில் எழுதித் தருகிறோம், கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சத்தி, வயிற்று நோ, பெருமூச்சு என்று ஊசி போடும் பிள்ளையைப் பற்றி யாராவது சொன்னால் ஓமமோ இஞ்சியோ நிறுக்கமாட்டோம், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வோம். விரத நாளானாலும் நோன்பு நாளானாலும் சாப்பிடவில்லை என்று தாமாக ஊசியை நிறுத்தவும் கூடாது. அளவை மாற்றுவதை வைத்தியரோடு முன்கூட்டியே கதைத்துக்கொள்ளுங்கள்.

"சகல நீரிழிவுக்கும்" என்று எழுதிய பேணி உங்கள் வீட்டு அலுமாரியில் இன்னும் இருந்தால் கொண்டுவாருங்கள். பாதி முடிந்திருந்தாலும் முழுக் காசையும் தருகிறோம், பற்றுச்சீட்டுத் தேவையில்லை. வர முடியாத தூரத்தில் இருந்தால், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வாரத்துக்கு ஒருமுறை சரக்கு எடுக்கப் போகும் எங்கள் தம்பியிடம் கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் மருந்துக்கடைக்காரர்,
திருகோணமலை.