படலையிலேயே சொல்லிவிட வேண்டும்

யாழ்ப்பாணம்

அன்பு மச்சான்,

நேற்று ஆடிப்பிறப்பு. அம்மா கூழ் காய்ச்சினா. பிலாவிலையைக் கோலிக் குடிக்கும்போது உன் கதைதான் வந்தது.

நீ கேட்ட மெயில் சேர்வர் வேலை, அதுதான் இல்லாத முகவரிக்கு வரும் மெயிலை வாங்காமலே மறுக்க வைப்பது, போன கிழமை முடிந்தது. இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன நிறுவனம், மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருள் ஓடுகிறது. எந்த முகவரிக்கு வந்தாலும் வாங்கி வைத்துவிட்டு, பிறகுதான் ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. குப்பை மெயில் அனுப்புகிறவன் தன் சொந்த முகவரியையா போடுவான்? யாரோ ஒரு அப்பாவியின் முகவரியைப் போடுவான். திருப்பியதெல்லாம் அந்த அப்பாவியின் பெட்டியில் போய்க் குவியும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தபால்காரர் வாசல் படலையில் நின்று பெயர் சொல்லும்போதே "அப்படி ஒருவரும் இல்லை" என்றால் கடிதம் அவர் கையிலேயே இருக்கும். சேர்வரும் பெறுநரின் பெயரைக் கேட்ட உடனேயே 550, அதாவது நிரந்தர மறுப்புக்கான எண்ணைச் சொல்ல வேண்டும்.

கணக்குகள் எல்லாம் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் இருந்தன. முகவரியைக் கொடுத்தால், உயிரோடு இருக்கும் கணக்குக்கு மட்டும் ஒரு வரி திரும்பும்படி கேள்வியை எழுதினேன். அட்டவணையில் தேடிப் பார்க்க உதவும் போஸ்ட்மேப் கட்டளையால், இல்லாத ஒரு பெயரைக் கேட்டேன், ஒன்றும் வரவில்லை. சரி என்று நினைத்தேன். ஆனால் வெளியிலிருந்து அதே பெயருக்கு அனுப்பிப் பார்த்தால் 250 என்று ஏற்றுக்கொள்கிறது! ஒரு இரவு முழுக்கத் தேடினேன். எந்த முகவரிக்கு வருவது எந்தப் பெட்டிக்குப் போகும் என்று சொல்லும் மாற்றுப்பெயர் அட்டவணையில் எப்போதோ யாரோ போட்ட ஒரு வரி: முன்னால் பெயரில்லாமல், @ குறியும் டொமைனும் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதி) மட்டும். முழு முகவரி கிடைக்காவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்த வடிவத்தையும் தேடும்; அதனால் எந்தப் பெயரும் பொருந்திவிடும். போஸ்ட்மேப் கொடுத்ததை மட்டுமே தேடும். அந்த வரியை அழித்த பிறகுதான் படலை பூட்டியது.

டேட்டாபேஸ் நின்றுபோனால் கடிதங்கள் தொலையாதா என்று பயந்தாயே. தொலையாது. அப்போது 451 என்று தற்காலிக மறுப்புத்தான் போகும். அனுப்பும் சேர்வர் வைத்திருந்து திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் வழக்கமாக 5 நாள். நீ உன் சேர்வரை மாற்றும்போது முதலில் சொஃப்ட் பவுன்ஸ் என்ற அமைப்பைப் போட்டுவை. நிரந்தர மறுப்பெல்லாம் தற்காலிகமாகப் போகும். பிழை விட்டிருந்தாலும் திருத்த நேரம் இருக்கும். எல்லாம் சரியென்றதும் மறக்காமல் எடுத்துவிடு.

உன் சேர்வரிலும் அப்படி ஒரு வரி கிடக்கிறதா என்று இன்றைக்கே பார். பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்